ஃப்ரீசர் கதவைத் திறந்துகொண்டே இருந்த விடுமுறை

விடுமுறை தொடங்கிய மூன்றாம் நாளே வீட்டில் மூன்று பேர் "இப்ப என்ன செய்யறது" என்று என்னைச் சுற்றிவர ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஐந்து. கூடவே தங்கை மகன், எட்டு வயது. தங்கையும் பத்து மாதக் கைக்குழந்தையோடு வந்து தங்கியிருந்தாள். வெளியே வெயில் கொளுத்துகிறது. பதினொரு மணிக்கு மேல் யாரையும் வெளியே விட முடியாது. சரி, மூன்று பேரையும் அடுக்களைக்குள் இழுத்துப் போடுவோம் என்று நினைத்தேன். சமையல் எனக்கு ஓரளவு வரும். குழந்தைகளை வைத்துக்கொண்டு செய்வது தனி வித்தை என்பது அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது.

முதலில் தர்பூசணிக் குச்சி ஐஸ். அதைவிடச் சுலபமாக உலகத்தில் எதுவும் இல்லை என்ற நம்பிக்கையில் இறங்கினேன். அரைக் கிலோ பழச்சதை, விதை நீக்கி, மிக்சியில் ஒரு சுற்று, அச்சில் ஊற்றி உள்ளே வைக்க வேண்டியதுதான். விதை எடுக்கும் வேலை சின்னவனுக்கு. ஒவ்வொரு விதையையும் தட்டின் விளிம்பில் வரிசையாக ஒட்டி, இருபத்தொன்பது வரை எண்ணி, அடுத்து முப்பதுக்குப் பதிலாக மறுபடி இருபதுக்குப் போய், அரை மணி நேரம் எடுத்துக்கொண்டான். அந்த அரை மணி நேரம் வீடு அமைதியாக இருந்தது. சர்க்கரை போடவில்லை. பழமே இனிக்கிறதே, எதற்குக் கூடுதலாக என்ற பெரியமனிதத்தனம் எனக்கு.

குச்சியை நிமிர்த்தி நிறுத்துவதில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. சாறு தண்ணீராக இருக்கும்போதே செருகினால் ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே உறைந்துவிடும். அச்சின் மேல் அலுமினியத் தாளை இறுக்கி மூடி, நடுவில் கத்தி முனையால் சின்னக் கீறல் போட்டு, அது வழியாகச் செருகினால் நேராக நிற்கும். தாள் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் பொறுத்து, சாறு கூழ்ப் பதத்துக்கு வந்ததும் செருகலாம். நாங்கள் தாள் போட்டோம். குச்சிகள் சிப்பாய் மாதிரி நின்றன. கதவை மூடினேன்.

"ஆயிடுச்சாப்பா?"

மூடி நான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது. ஆறு மணி நேரம் ஆகும் என்றேன். ஐந்து வயதுக்காரனுக்கு ஆறு மணி நேரமும் ஆறு மாதமும் ஒன்றுதான் போலிருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறிக் கதவைத் திறந்து பார்த்தான். திறக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கிற குளிர் காற்று கீழே கொட்டிவிடும், உறைவதற்கு இன்னும் நேரமாகும் என்று சொன்னால், "நான் கொஞ்சம்தான் திறந்தேன்" என்கிறான். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தே பார்த்துவிட்டான். அடியில் மெல்லிய ஐஸ் சில்லு ஒட்டியபடி குச்சி வெளியே வந்தது. அதைத் திரும்பச் செருகியபோது கோணலாக நின்றது. அந்தக் கோணல் ஐஸ் யாருக்கு என்று சாயங்காலம் ஒரு பஞ்சாயத்து நடந்தது.

சாயங்காலம் அச்சைக் குழாய்த் தண்ணீரில் இருபது விநாடி காட்டி உருவினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கடித்தால் பல் கூசியது, கல் மாதிரி. உறிஞ்சினால் சிவப்பெல்லாம் வாய்க்குள் போய், கையில் வெள்ளைக் கட்டி மட்டும் மிஞ்சியது. "மாமா, கலர் போயிடுச்சு. இது வெறும் ஐஸ்" என்றான் தங்கை மகன். சரியாகத்தான் சொன்னான். தண்ணீர் உறையும்போது தண்ணீராக மட்டுமே கட்டியாகப் பார்க்கும். சர்க்கரை, நிறம், மணம் எல்லாவற்றையும் கட்டிகளுக்கு இடையில் மிச்சமிருக்கும் திரவத்துக்குள் தள்ளிவிடும். சர்க்கரை கொஞ்சமாக இருந்தால் அந்தத் திரவமும் கொஞ்சம்தான். மீதி எல்லாம் பெரிய பெரிய பளிங்குகளாகச் சேர்ந்து இறுகிவிடும். தர்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். நான் செய்தது சிவப்புச் சாயம் பூசிய ஐஸ் கட்டி.

மறுநாள் பெரியவள் பொறுப்பெடுத்துக்கொண்டாள். "சர்க்கரைதானே பிரச்சினை?" என்று ஒரு கப் முழுக்கக் கொட்டினாள். நான் தடுக்கவில்லை, தடுத்திருக்கலாம். இரவு முழுவதும் உள்ளே இருந்தும் அது உறையவில்லை. அச்சிலிருந்து உருவினால் குச்சி மட்டும் கையோடு வந்தது. உள்ளே சிவப்புச் சேறு. கரண்டியால் தின்றார்கள், குறை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேரும் மதியம்வரை ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத் தங்கை என்னை முறைத்தாள்.

அப்புறம்தான் காகிதமும் பென்சிலும் எடுத்தோம். தர்பூசணியில் ஏற்கெனவே நூறு கிராமுக்கு ஏழு கிராம் அளவில் சர்க்கரை இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அரைக் கிலோவில் 35 கிராம். பெரியவள் கொட்டிய ஒரு கப் 200 கிராம். ஆக 700 கிராம் கலவையில் 235 கிராம். மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. முதல் தடவை ஏழு சதவீதம், இரண்டாவது தடவை முப்பத்து மூன்று. கடிக்கிற பதத்துக்கு வேண்டியது இவற்றுக்கு நடுவே, பதினைந்திலிருந்து இருபதுக்குள். அரைக் கிலோ பழத்துக்கு 50 கிராம், அதாவது நான்கு மேசைக்கரண்டி. கூடவே ஒரு எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. வகுத்தல் கணக்கு என்றாலே முகம் சுளிக்கிறவள், செய்தித்தாள் ஓரத்தில் இதைத் தானே போட்டுப் பார்த்தாள்.

கணக்குப் போட முடியாத பழத்துக்கு நாக்கே போதும். உறைய வைக்கும் முன் ருசி பார்க்கும்போது, இனிப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே என்று தோன்ற வேண்டும். குளிர்ந்த பொருளில் நாக்குக்கு இனிப்பு மட்டாகத்தான் தெரியும். உறைந்த பிறகு அந்தத் தூக்கல் சரியாகிவிடும்.

மூன்றாவது தடவை ஐஸ் நன்றாக வந்தது. சர்க்கரைக்குப் பதில் தேன் விடலாமே, பாப்பாவுக்கும் கொடுக்கலாமே என்று தங்கை மகன் கேட்டான். அவனுக்கு நல்ல மனசு. ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் போட்யூலினம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். நம் குடல் சமாளித்துவிடும், அந்தச் சின்னக் குடலால் முடியாது. பாப்பாவுக்கு மசித்த வாழைப்பழம், இவர்களுக்கு ஐஸ் என்று முடிவானது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே நாக்கை ஒட்ட வைக்காதீர்கள், ஒரு நிமிடம் பொறுங்கள் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் ஒருத்தன் ஒட்டவைத்துப் பார்த்தான். யார் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர் விட்டதும் விடுபட்டது.

அன்று மிஞ்சிய சாற்றை ஒரு கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி, மூடி திருகி, ஃப்ரீசரில் வைத்தது மட்டும் குழந்தைகள் யாரும் இல்லை, நான். தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் பெருக்கும் என்று பள்ளியில் படித்ததுதான். காலையில் பாட்டில் நீளவாக்கில் விரிந்து கிடந்தது. கண்ணாடித் தூள் எங்கே விழுந்திருக்கும் என்று தெரியாததால் அந்தத் தட்டில் மூடாமல் இருந்த எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதாயிற்று. அச்சிலும் விளிம்புவரை ஊற்றாமல் ஒரு விரல்கடை விட வேண்டும்.

ஐஸ் சரியாக வந்துவிட்டது. காத்திருப்புதான் தீரவில்லை. பெரியவள் புத்தகம் படிப்பாள், எட்டு வயதுக்காரன் எப்படியோ ஓட்டிவிடுவான். சின்னவனுக்கு மூடிய கதவுதான் எதிரி. உள்ளே ஏதோ நடக்கிறது, நமக்குத் தெரியவில்லை என்பதை அவனால் தாங்க முடியவில்லை. பேச்சை மாற்றுவதற்காக ஒரு கதை சொன்னேன். 1905-ல் அமெரிக்காவில் ஃபிராங்க் எப்பர்சன் என்கிற பதினோரு வயதுப் பையன், சோடாப் பொடி கரைத்த தண்ணீரை, கலக்கின குச்சியோடு வெளியே மறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போனானாம். இரவுக் குளிரில் அது குச்சியோடு உறைந்துபோனதாம். வளர்ந்த பிறகு 1924-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பெரியவள் விரல் விட்டு எண்ணி, "பத்தொன்பது வருஷம் காத்திருந்தாரா?" என்று கேட்டாள். சின்னவனோ, "அவன் தூங்கிட்டான், அதனால அவனுக்குத் தெரியல" என்றான்.

அதில் விஷயம் இருந்தது. அன்றிலிருந்து குச்சி ஐஸை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஊற்றினோம். ஆறு மணி நேரத்தைத் தூக்கத்துக்குள் ஒளித்துவிட்டோம்.

பகலுக்கு வேறு வழி கிடைத்தது. கதவைத் திறப்பதுதான் அவனுக்கு வேண்டுமென்றால், திறந்தே ஆக வேண்டிய ஒன்றைச் செய்தால் என்ன? ஆரஞ்சுச் சாறு அரை லிட்டர், மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, கொஞ்சம் எலுமிச்சை. கரைந்ததும் அகலமான ஸ்டீல் தட்டில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். முக்கால் மணி நேரம் கழித்து முதல் தடவை திறந்தோம். நடுவே இன்னும் தண்ணீர். ஓரத்தில் மட்டும் ஒரு சரிகைக்கரை மாதிரி ஐஸ் கட்டியிருந்தது. ஒரு முள்கரண்டியால் அந்தக் கரையை வழித்து நடுவே தள்ள வேண்டும். மூடிவிட்டு அரை மணி நேரம். அடுத்த தடவை திறந்தபோது கரை தடித்து, மேலே மெல்லிய ஆடை படர்ந்திருந்தது; முள்கரண்டி வைத்ததும் "கிறீச்" என்று உடைந்தது. அந்தச் சத்தத்துக்காகவே மூன்று பேரும் முறை போட்டுக்கொண்டார்கள். மூன்றாவது தடவை ஈர மணல் மாதிரி. நான்காவது தடவை செதில் செதிலாக, ஆரஞ்சு நிறப் பனி. மொத்தம் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. கரண்டியால் அள்ளினால் நாக்கில் பட்டதும் கரைகிறது. குச்சி ஐஸில் எந்தப் பெரிய பளிங்கைக் கண்டு பயந்தோமோ, அதே பளிங்கை இங்கே வேண்டுமென்றே வளரவிட்டு உடைக்கிறோம்.

இந்த முள்கரண்டி ஐஸ்தான் எங்கள் வீட்டில் நிலைத்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: மறந்துபோய் இரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டால் முழுத் தட்டும் ஒரே பலகையாகிவிடும். அப்படி ஆனால் வெளியே பத்து நிமிடம் வைத்துச் சுரண்டலாம். பாழாகாது.

அடுத்தது பையில் ஐஸ்க்ரீம். இதில் காத்திருப்பதே கிடையாது, பத்து நிமிட உழைப்புதான். பால் 125 மில்லி, க்ரீம் 125 மில்லி, சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, வெனிலா நாலு சொட்டு. இதை ஜிப் வைத்த சின்னப் பையில் ஊற்றி, காற்றை வெளியேற்றி, அழுத்தி மூட வேண்டும். பெரிய பையில் பாதிக்கு ஐஸ் கட்டி, அதன் மேல் அரை கப் கல் உப்பு. சின்னப் பையை அதற்குள் புதைத்து, பெரிய பையையும் மூடிக் குலுக்க வேண்டும்.

ஆளுக்கு ஒரு பை. தங்கை மகனுக்குச் சந்தேகம்: "உப்பு எதுக்கு மாமா? ஐஸே குளிராத்தானே இருக்கு?" சரி, நீ உப்பில்லாமல் குலுக்கிப் பார் என்றேன். பத்து நிமிடம் மூச்சு வாங்கக் குலுக்கினான். அக்கா கையில் இருந்த பை கெட்டியாகி, அமுக்கினால் களிமண் மாதிரி அமுங்கியது. அவன் கையில் சில்லென்று பால், அவ்வளவுதான். சமையல் வெப்பமானியை இரண்டு பைக்குள்ளும் விட்டுப் பார்த்தோம். உப்பில்லாத பையில் பூஜ்யத்துக்குப் பக்கம் நின்றது. உப்புப் பையில் மைனஸ் ஒன்பது. "அக்கா பையில ஐஸ் கூட உருகிப்போச்சு, ஆனா அதுதான் அதிகக் குளிர்!" என்று நம்ப முடியாமல் கத்தினான்.

உருகியதால்தான் குளிர். ஐஸ் உருகுவதற்கு வெப்பம் வேண்டும், ஒரு கிராமுக்கு 80 கலோரி. உப்பு பட்டதும் ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழேயே உருகத் தொடங்கும். அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பக்கத்தில் இருக்கிற பாலிடமிருந்து உருவிக்கொள்ளும். சர்க்கரை கலந்த பால் பூஜ்யத்தில் உறையாது, இன்னும் கீழே போக வேண்டும். வெறும் ஐஸ் பூஜ்யத்திலேயே நின்றுவிடுகிறது. உப்புக் கலவையோ, அளவு சரியாக அமைந்தால் மைனஸ் 21 வரைகூடப் போகும். 1843-ல் நான்சி ஜான்சன் என்ற அமெரிக்கப் பெண் காப்புரிமை பெற்ற கைப்பிடி ஐஸ்க்ரீம் இயந்திரமும் இதே உப்பு, இதே ஐஸ்தான். பைக்குப் பதில் மர வாளி. எட்டு வயதுக்காரனுக்கு இதெல்லாம் எவ்வளவு ஏறியதோ தெரியாது. தன் பையைத் திறந்து உப்பை அள்ளிப் போட்டு மறுபடி குலுக்க ஆரம்பித்தான்.

பையை வெறும் கையால் பிடிக்கக் கூடாது. ஐஸும் உப்பும் சேர்ந்த குளிர் தோலைச் சுட்டுவிடும், தழும்புகூட விழலாம். முதலில் நான் வீம்புக்கு வெறும் கையால் பிடித்துக் காட்டப்போய், இரண்டு நிமிடத்தில் விரல் நுனி மரத்து, அப்புறம் சிவந்து எரிந்தது. கனமான துண்டில் சுற்றிக் கொடுத்தால், இருவர் இருவராகப் பந்து மாதிரி எறிந்து பிடிக்கவும் வசதி.

எங்கள் முதல் ஐஸ்க்ரீம் உப்புக் கரித்தது. சின்னப் பையின் வாயில் ஒட்டியிருந்த உப்புத் தண்ணீரைக் கழுவாமல் திறந்ததால், கரண்டி விட்டதுமே இரண்டு சொட்டு உள்ளே போய்விட்டது. இரண்டே சொட்டு. சின்னவன் ஒரு வாய் வைத்து, எதுவும் சொல்லாமல் கரண்டியைத் திருப்பிப் பையிலேயே வைத்தான். திறப்பதற்கு முன் சின்னப் பையின் வெளிப்புறத்தைக் குழாயில் நன்றாக அலசித் துடைக்க வேண்டும். முடிந்தால் இரட்டைப் பை. இரண்டாவது சுற்று பையிலிருந்தே காலியானது, கிண்ணத்துக்கு வரவே இல்லை.

இந்த வெற்றியில் எனக்குத் தலைக்கனம் ஏறி, அன்னாசியும் பாலும் சேர்த்து அடித்துக் குச்சி ஐஸ் செய்யலாம் என்று கிளம்பினேன். ஊற்றும்போது ருசி பார்த்தால் அமிர்தம். காலையில் எடுத்து நக்கினால் வேப்பிலை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் துப்பினார்கள். பால் கெட்டுவிட்டதா, பழம் அழுகலா என்று குழம்பி, அதே பழத்தில் இன்னும் ஒரு டம்ளர் அடித்து மேசையில் வைத்துப் பார்த்தோம். அடித்த உடனே குடித்தால் நன்றாக இருந்தது. முக்கால் மணி நேரத்தில் கசந்தது, ஓரத்தில் திரிதிரியாகவும் ஆகியிருந்தது. சமைக்காத அன்னாசியில் புரோமெலைன் என்று ஒரு நொதி உண்டு. புரதத்தை வெட்டிப் போடுவது அதன் வேலை. பால் புரதத்தை வெட்டும்போது கசப்பான துண்டுகள் கிடைக்கின்றன. அன்னாசியை அதிகம் தின்றால் நாக்கு முரமுரவென்று அரிப்பதற்கும் இதற்குக் கொஞ்சம் பங்குண்டு. "அப்போ பழம் நம்மளைத் திங்குதா?" என்று சின்னவன் கேட்டதற்கு, ஆமாம், கொஞ்சமாக என்றேன். அன்று முழுவதும் அவன் அன்னாசிப் பக்கம் போகவில்லை.

வழி சுலபம். துண்டுகளைச் சர்க்கரையோடு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் நொதி செயலிழந்துவிடும். டப்பாவில் அடைத்து வரும் அன்னாசி ஏற்கெனவே சூடானது என்பதால் தொந்தரவு தராது. பப்பாளி, கிவி இரண்டுக்கும் இதே குணம். ஜெலட்டின் ஜெல்லியில் இவற்றைப் பச்சையாகப் போட்டால் ஜெல்லி எத்தனை நாள் வைத்தாலும் இறுகாது, ஏனென்றால் ஜெலட்டினும் புரதம். கடல்பாசியிலிருந்து எடுக்கிற அகர் அகர் புரதம் இல்லை, ஆகவே இந்த நொதியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. வெயில் காலத்துக்கு அகர்தான் நல்லது. கொதிக்கவைத்துக் கரைக்க வேண்டும், ஆனால் இறுகிவிட்டால் மேசையில் கிடந்தாலும் உருகாது.

வாழைப்பழத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதன் பெருமை. தோல் கறுக்கத் தொடங்கிய பழத்தை வில்லை வில்லையாக வெட்டி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, ராத்திரி முழுக்க உறையவைத்தோம். வெட்டியது சின்னவன், வெண்ணெய்க் கத்தியால். காலையில் இரண்டு கரண்டி பால் விட்டு மிக்சியில் விட்டு விட்டு அடித்தோம். முதலில் ரொட்டித் தூள் மாதிரி உதிரும், அப்புறம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பிளேடு சும்மா சுற்றும். இந்த இடத்தில் பால் இன்னும் ஊற்றத் தோன்றும்; ஊற்றினால் மில்க் ஷேக்தான். நிறுத்தி, ஓரத்தை வழித்து உள்ளே தள்ளி, மறுபடி அடிக்க வேண்டும். மூன்றாவது, நான்காவது தடவையில் சட்டென்று வழுவழுப்பாகிவிடும். சர்க்கரையும் வேண்டாம், க்ரீமும் வேண்டாம். பைக்காக வாங்கின க்ரீம் அப்படியே மிஞ்சியது.

அந்தக் க்ரீமில் வெண்ணெய் எடுத்தோம். கொழுப்பு 35 சதவீதமாவது இருக்கிற க்ரீம் வேண்டும், லேசான வகை ஆகாது. கால் லிட்டரை மூடி இறுக்கமான பாட்டிலில் ஊற்றினோம். பாட்டிலில் பாதிக்கு மேல் நிறைக்கக் கூடாது. இந்தத் தடவை பிளாஸ்டிக் பாட்டில், பாடம் படித்தாகிவிட்டதே. ஆளுக்கு நூறு குலுக்கல் என்று முறை. முதலில் "சளப் சளப்" என்று சத்தம் வந்தது. மூன்று, நான்கு நிமிடத்தில் சத்தம் மங்கி, அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. குலுக்கினாலும் உள்ளே எதுவும் அசைவதாகத் தெரியவில்லை. "கெட்டுப்போச்சு" என்று பெரியவள் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். கெடவில்லை, க்ரீம் காற்றைப் பிடித்து நுரைத்து, பாட்டில் முழுக்க அடைத்துக்கொண்டிருக்கிறது. எல்லோரும் கைவிடுகிற கட்டம் இதுதான், இன்னும் ஐந்து நிமிடம் குலுக்கினால் போதும். தங்கை மகன் வாங்கிக் குலுக்கினான். திடீரென்று உள்ளே "தொம்" என்று ஏதோ மோதியது. அவன் பயந்து பாட்டிலைக் கீழே வைத்துவிட்டான். மூடியைத் திறந்து பார்த்தால் மஞ்சளாக ஒரு உருண்டை, சுற்றிலும் வெள்ளைத் தண்ணீர்.

உருண்டையை ஐஸ் தண்ணீரில் இரண்டு தடவை பிசைந்து கழுவினோம். கழுவாவிட்டால் உள்ளே தங்கிய பால் சீக்கிரம் புளித்துவிடும். கிட்டத்தட்ட நூறு கிராம் தேறியது. இன்னொரு நாள் நண்பகலில் வெளியே கிடந்த க்ரீமில் செய்து பார்த்தபோது உருண்டை திரளவில்லை, எண்ணெய்ப் பிசுக்காகப் பாட்டிலில் அப்பியது. க்ரீம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், ஆனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே வேண்டாம். கால் மணி நேரம் வெளியே இருந்தால் சரியாக இருக்கும்.

வெண்ணெய் இருந்தால் ரொட்டி, ரொட்டி இருந்தால் வெள்ளரிக்காய். இங்கே கத்தி வருகிறது. பெரியவளுக்குச் சின்ன ரம்பப்பல் கத்தி கொடுத்தேன். மொட்டைக் கத்தியைவிட இதுதான் பத்திரம், அழுத்தித் தள்ள வேண்டியதில்லை. வெள்ளரியை முதலில் நீளமாக நான் பிளந்து, தட்டையான பக்கத்தைப் பலகையில் வைத்துக் கொடுத்தேன். உருண்டையாக இருக்கும் எதையும் குழந்தை கையில் வெட்டக் கொடுக்கக் கூடாது, உருண்டு போகும். பிடிக்கிற கையின் விரல் நுனிகளைப் பூனை நகத்தை இழுத்துக்கொள்வது மாதிரி உள்ளே மடக்கச் சொன்னேன். திராட்சை இருந்தது, சின்னவனுக்கு நீளவாக்கில் நாலாகக் கீறித்தான் கொடுத்தேன். முழுத் திராட்சை அந்த வயதுத் தொண்டையில் தக்கை மாதிரி அடைத்துக்கொள்ளும்.

வெள்ளரி வில்லைகளில் உப்புத் தூவிக் கால் மணி நேரம் வடிகட்டியில் வைத்தோம். கீழே கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்வதைச் சின்னவன் குந்தி உட்கார்ந்து பார்த்தான். "நாம ஊத்தவே இல்லையே!" ஒரு தடவைகூட "ஆயிடுச்சா" என்று கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: இவனுக்குப் பொறுமை இல்லாமல் இல்லை. பார்க்க ஏதாவது இருந்தால் போதும், எவ்வளவு நேரமானாலும் இருப்பான். ஒரு வாரமாக நான் அவனைத் திட்டியதெல்லாம் அந்த மூடிய கதவைத் திட்டியிருக்க வேண்டியது. வில்லைகளைத் துடைத்து, ரொட்டியின் இரண்டு பக்கமும் ஓரம்வரை வெண்ணெய் தடவி, நடுவே அடுக்கினோம். ஓரம்வரை தடவினால் ரொட்டி ஊறாது. புதினா கிள்ளிப் போட்டது தங்கை மகன் யோசனை, அது நன்றாக இருந்தது.

சின்னவனின் அந்தப் பொறுமையை வைத்து ஒரு சோதனை செய்யத் தோன்றியது. ஒரு தட்டில் நனைத்த பருத்தித் துணியை விரித்து, அதன்மேல் சின்னவனைக் கடுகு தூவச் சொன்னேன். எட்டு நாள் ஆகும், பரவாயில்லையா என்று கேட்டேன். "பார்க்கலாம்ல?" என்றான். பார்க்கலாம் என்றேன். காலையும் மாலையும் தெளிப்பானால் ஈரம் காட்டுவது அவன் பொறுப்பு. இரண்டாம் நாள் தோல் வெடித்து வெள்ளை முனை வந்தது. மூன்றாம் நாள் வேரில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ இருந்ததைப் பார்த்துப் பூஞ்சை என்று நான் தூக்கி எறியப் போனேன். தண்ணீர் தெளித்ததும் அது படிந்து மறைந்தது. வேர்த் தூவிதான். பூஞ்சையாக இருந்தால் தெளித்தாலும் அப்படியே இருக்கும், நாற்றமும் வரும். ஐந்தாம் நாள் இரட்டை இலை விரிந்தது. ஜன்னல் பக்கமே எல்லாம் சாய்ந்ததால் தினமும் தட்டைத் திருப்பி வைத்தான்.

எட்டாம் நாள் காலை கத்தரிக்கோலால் அவனே வெட்டினான். ஒரு கைப்பிடிகூட இல்லை. கழுவி, வெண்ணெய் தடவிய ரொட்டியில் தூவி, முதல் கடி அவனுக்கு. இரண்டு தடவை மென்றவன் கண்ணை அகல விரித்தான். "காரம்!" கடுகு இலை அப்படித்தான், மூக்குவரை ஏறும். துப்புவான் என்று நினைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் தின்றான், அக்காவுக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை.

தட்டில் வெட்டின தண்டுகள் மட்டும் மொட்டையாக நின்றன. "இன்னும் வளரும்லப்பா?" என்றான். இலைக்குக் கீழே வெட்டிவிட்டோம், இனி வளராதுடா என்றேன். தலையை ஆட்டினான். மறுநாள் காலை நான் அடுக்களைக்கு வரும்போது ஸ்டூல் ஜன்னலோரம் கிடந்தது, துணி நனைந்திருந்தது.